மணிக்கட்டு வரைக்கும்

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போனில் எத்தனையோ தடவை முயன்றேன். என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று தாமதமாகத்தான் உறைத்தது.

இது நானாக எழுதும் கடிதம் இல்லை. நாடு முழுக்க எத்தனை பேருக்கு எந்தப் பொருள் தோலில் பட்டால் ஒத்துக்கொள்ளாது என்று கணக்கெடுக்கிறார்கள். இத்தனை வருஷம் தோல் வார்டில் இருந்துவிட்டு, ஒரு வருஷமாக அந்தக் குழுவில் நர்ஸாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நோயாளிகளை மட்டும் பார்க்கிற வேலை இல்லை இது. வாக்காளர் பட்டியலை வைத்துக் குலுக்கல் போட்டு, விழுந்தவர்கள் எல்லோரையும் கூப்பிடுகிறோம். போன வாரம் உங்கள் ஊருக்குக் குலுக்கியதில் உன் பெயர் விழுந்திருக்கிறது. நான் ஏதோ தில்லுமுல்லு செய்தேன் என்று நினைப்பாய். அந்த அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் இருந்தால் நான் ஏன் இந்த விடுதி அறையில் மூட்டைப்பூச்சியோடு படுத்துக் கிடக்கிறேன்?

உனக்குப் பதிலாக வேறு ஆளைச் சேர்க்க முடியாது. விருப்பப்பட்டவர்களை எல்லாம் சேர்த்தால், சொறிந்துகொண்டிருப்பவர்கள்தான் வரிசையில் நிற்பார்கள், கணக்கு குப்பைக்குப் போகும் என்கிறார் பெரிய டாக்டரம்மா.

ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது. சட்டைப் பொத்தான் அளவுக் கிண்ணங்கள் வைத்த பிளாஸ்திரியை முதுகில் ஒட்டுவோம். ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் துளியூண்டு இருக்கும். கவரிங் நகையில் இருக்கிற உலோகம், வாசனைப் பொடி, சிமெண்டில் இருப்பது, ரப்பரில் இருப்பது, தலைச்சாயத்தில் இருப்பது. இரண்டு நாள் முதுகு நனையாமல் இருக்க வேண்டும். பிறகு பிரித்துப் பார்ப்போம். அதற்கு இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை பார்ப்போம். அவ்வளவுதான்.

வருவாய் என்று நம்புகிறேன். உன் கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்.

அக்கா

மார்ச் 11

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. கிழிப்பதற்கு முன் என் வீட்டுக்காரர் பிடுங்கிப் படித்துவிட்டார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவருக்கு அடுத்தவர் விஷயத்தில் ஏறி இறங்குவதுதான் வேலை.

போனில் தடுத்து வைத்திருப்பது உண்மைதான். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு 'ம்' கொட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. கடிதத்தில் என் முறை என்று ஒன்று வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் சொந்தத்தில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக் கூடத்தில் என் கையைப் பிடித்துத் தூக்கி எல்லோருக்கும் காட்டினீர்கள். "இந்தக் கையை வச்சுக்கிட்டா ஊர்ல இருக்கறவங்க தலையை எல்லாம் தொடற? முதல்ல தொழிலை விடு" என்றீர்கள். எதிர் வரிசையில் என் பார்லருக்கு வருகிறவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் சித்தி. சித்தி காதில் ஒரு விஷயம் விழுந்தால் மைக் வைத்துச் சொன்னதாகத்தானே அர்த்தம்? அடுத்த மாதத்துக்குள் எனக்கு என்னவோ தொற்று நோய் என்று தெருவெல்லாம் பேச்சு. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை வருவதை நிறுத்தினார். ஒருவர் சொந்தச் சீப்பும் துண்டும் கொண்டுவந்தார். ஒருவர் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். இது ஒட்டாது, பரவாது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இத்தனைக்கும் நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதான் தொழில் செய்கிறேன். கடை திறந்த நாளில் நீங்கள் பெட்டி பெட்டியாகக் கொடுத்த அதே கையுறைதான் இன்றுவரை வாங்குகிறேன். அது இல்லாமல் தண்ணீரில் விரல் வைத்ததில்லை. உங்களோடு பேசவில்லையே தவிர, உங்கள் பேச்சைக் கேட்காமல் இல்லை.

பரிசோதனைக்கு வர எனக்குப் பயம். வெளிப்படையாகவே சொல்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நரை மறைக்கத்தான் வருகிறார்கள். சாயம்தான் ஆகவில்லை என்று வந்துவிட்டால் கடையை மூடிவிட்டு நான் என்ன செய்வது? பத்தொன்பது வயதிலிருந்து எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். தெரியாமல் சொறிந்துகொண்டிருப்பது பரவாயில்லை என்று தோன்றுகிறது.

யோசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

மார்ச் 16

அன்புள்ள தங்கைக்கு,

மதிப்பிற்குரிய, அவர்களுக்கு, நீங்கள்! பள்ளிக்கூட நாளில் உன் புது டிபன் பாக்ஸை நான் பஸ்ஸில் தொலைத்துவிட்டு வந்தபோதுகூட நீ என்னை நீங்கள் என்று சொன்னதில்லை. அடித்தாய், கடித்தாய். அது எவ்வளவோ மேல்.

அன்று நான் சொன்னது மருத்துவ ரீதியாகப் பார்த்தால்... வேண்டாம், இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கியிருந்தேன். உன் கையைப் பார்த்ததும் பதறிப் போனேன். எனக்குப் பதற்றம் வந்தால் அது வாயில் கோபமாகத்தான் வரும், உனக்குத் தெரியாதா? பேர் கெடும் என்று அப்போது தோன்றவில்லை.

இங்கே ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் முகாம் நடக்கிறது. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டியிருக்கிறோம். காலையிலிருந்து சட்டையைக் கழற்றச் சொல்லி, துடைத்து, ஒட்டி, நம்பர் எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டு, என் கழுத்து நிமிரமாட்டேன் என்கிறது. இந்த நாட்டு மக்களை எனக்கு முதுகாகத்தான் தெரியும். முகம் ஒன்றும் ஞாபகத்தில் தங்குவதில்லை. நேற்று ஒருவர், "இதை ஒட்டறதோட ஒரு வலி பிளாஸ்திரியும் சேர்த்து ஒட்டி விடும்மா, இடுப்பு பிடிச்சிருக்கு" என்றார். மாட்டேன் என்றதற்கு, இதுகூடச் செய்யாத கவர்மெண்ட் எதற்கு என்று அரை மணி நேரம் திட்டினார். இரண்டு நாள் குளிக்கக் கூடாது என்றதும் பாதிப் பேர் அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்த வெயிலில் அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

உன் ஊர் முகாமுக்கு நான் வரமாட்டேன். சொந்தக்காரர்கள் முதுகைத் தொடக் கூடாது என்று விதி. ஒரு சின்ன நர்ஸ் ஒட்டுவாள், பெரிய டாக்டரம்மாவின் ஆள்தான். முடிவு என்ன வந்தாலும் அது உன்னுடையது. யாரும் வந்து கடைக்குப் பூட்டுப் போடமாட்டார்கள். தெரிந்துகொண்டால் நல்லது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

அக்கா

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

போனேன். ஒட்டிக்கொண்டேன். இரண்டு நாளும் பட்ட பாட்டை எழுதினால் தபால்தலை போதாது. குப்புறப் படுத்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. வேர்க்கக் கூடாது என்று பார்லரில் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தேன். "காத்து எங்களுக்கு இல்லையா?" என்று ஒரு அம்மா கோபித்துக்கொண்டார். நடந்தால் முதுகில் சரசரவென்று காகிதச் சத்தம். என் வீட்டுக்காரர், "பார்சல் எங்க போகுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இதைக் கேளுங்கள். பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை! அந்தச் சின்ன நர்ஸ் டார்ச் அடித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். "எல்லாம் சுத்தமா இருக்குக்கா" என்றாள். நான் இரண்டு தடவை கேட்டேன், சாயக் கட்டம்கூடவா என்று. "அதுவும்தான்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் என் கையைக் காட்டி நீங்கள் சொன்ன தீர்ப்பு பொய்.

மறுபடி வரச் சொன்னாள். அன்று எனக்கு ஒரு கல்யாணப் பெண்ணும் அவளுடைய தோழிகள் ஆறு பேரும். இந்த வருஷத்தில் கிடைத்த ஒரே பெரிய வேலை அது. ஒன்றும் இல்லாத முதுகை இரண்டாவது தடவை பார்த்து என்ன ஆகப் போகிறது? போகவில்லை. பிரித்த அன்றே நார் வைத்துத் தேய்த்து ஆசை தீரக் குளித்தேன். அவர்கள் போட்ட கோடும் நம்பரும் நீலமாகக் கரைந்து ஓடியதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

தங்கை

ஏப்ரல் 6

அடியே,

உன்னை என்ன செய்தால் தகும்? முதல் பார்வையில் பாதிப் பேருக்கு ஒன்றுமே தெரியாது. இந்த மாதிரி ஒவ்வாமை மெதுவாகத்தான் எழும்பும். இரண்டாவது தடவை பார்ப்பதுதான் பரிசோதனை. அதற்காகத்தான் அந்தக் கோடு, அதற்காகத்தான் அந்த நம்பர். பாதிச் சமையலில் அடுப்பை அணைத்துவிட்டு, வேகவில்லை என்று அரிசியைக் குறை சொல்கிறாய்.

சின்ன நர்ஸிடம் பேசினேன். அழுதாள். நீ வரவில்லை என்று உன் வீட்டுக்கு வந்தாளாம், பூட்டியிருந்ததாம். அவளைத் திட்டவும் எனக்குத் தெம்பு இல்லை.

முதுகில் அரிப்பு, தடிப்பு ஏதாவது உண்டா? உண்மையைச் சொல்.

அக்கா

ஏப்ரல் 10

அக்கா,

உண்டு.

குளித்த மறுநாளே ஒரு இடத்தில் அரிக்க ஆரம்பித்தது. நார் போட்டுத் தேய்த்ததால் என்று நினைத்தேன். கல்யாணப் பெண்ணுக்குக் கொண்டை போட்டுக்கொண்டே சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டேன், அந்தத் தோழிகள் சிரித்தார்கள். அதற்கு மறுநாள் சிவந்து, வட்டமாகத் தடித்து, நடுவில் குட்டிக் குட்டிக் கொப்புளம். உனக்கு எழுத ரோஷம் இடம் கொடுக்கவில்லை. நீயே கேட்டுவிட்டாய்.

நம்பர் அழிந்துவிட்டது, அது எந்தக் கட்டம் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் முதுகை நான் எங்கே பார்க்க? பிளாஸ்திரியின் ஓரம் பட்ட இடத்தில் மட்டும் கோடு மாதிரி லேசாகச் சிவப்பு இருக்கிறது. அதை வைத்து என் வீட்டுக்காரர் இஞ்ச் டேப் பிடித்து அளந்து படம் போட்டிருக்கிறார். லிஃப்ட்டுக்கு வயரிங் போடுகிற மாதிரி அம்புக்குறி எல்லாம் போட்டு, மேலே 'கழுத்து', கீழே 'இடுப்பு' என்று எழுதியிருக்கிறார். தலைகீழாகப் பிடித்துவிடுவாயோ என்று பயமாம். அதையும் இதோடு வைத்திருக்கிறேன்.

சாயமா அக்கா?

ஏப்ரல் 15

என் தங்கைக்கு,

மாப்பிள்ளையின் படம் எங்கள் முகாமிலேயே பெரிய பேர் வாங்கிவிட்டது. டாக்டரம்மா சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

படத்தின்படி அது சாயக் கட்டமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதை அடுத்த கட்டம். அடுத்தது ரப்பரில் சேர்க்கிற மருந்து. உனக்கும் ரப்பருக்கும் என்ன சம்பந்தம்? டயர் தொழிற்சாலையிலா வேலை பார்க்கிறாய்? தினமும் சாயத்தில் புழங்குகிறவள் நீ. இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்ததற்கு இதுகூடவா எனக்குத் தெரியாது?

இப்படி எழுத எனக்குச் சந்தோஷம் இல்லை, நம்பு. நான் சொன்னது பலித்தது என்று நீ நினைப்பாய். பலிக்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போதைக்குச் சாயத்தைத் தொடாதே. தலை கழுவுவது, வெட்டுவது மட்டும் செய். கையுறையைக் கழற்றாதே. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதும் போட்டுக்கொள். ஜூனில் தலைமை மருத்துவமனையில் விட்டுப்போனவர்களுக்காக மறுபடி ஒட்டுகிறார்கள். அப்போது உறுதி செய்துவிடலாம்.

அக்கா

மே 20

அக்கா,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். சாயம் போடுவதில்லை என்று கதவில் எழுதி ஒட்டினேன். முதல் வாரம் வந்தவர்கள் எல்லாம் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இரண்டாவது வாரம் படிக்கக்கூட யாரும் வரவில்லை. பக்கத்துத் தையல்கார அம்மாவுக்கு இடம் போதவில்லை என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்லரில் பாதியை அவருக்கு விட்டுவிட்டேன். கண்ணாடி ஒன்றையும் நாற்காலி ஒன்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு தையல் மெஷின். மீதிப் பாதியையும் ஜூன் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். நல்ல மனுஷிதான். ஆனால் அந்த மெஷின் ஓடும்போதெல்லாம் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

இதைவிட மோசம் என்னவென்றால், கை குறையவில்லை. கூடிவிட்டது. சாயத்தைத் தொட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பாத்திரத்துக்கும் கையுறை, துணிக்கும் கையுறை, கழற்றினால் விரல் இடுக்கெல்லாம் வெடித்து நீர் வடிகிறது. சட்டைப் பொத்தான் போடக்கூட வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நேற்று சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனை எடுத்தேன். அவரும் ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டார். அதற்குத்தான் அழுதேன்.

நீதான் தப்பாகச் சொல்கிறாயா, இல்லை நான்தான் இப்படியே பிறந்தேனா? எனக்கு அலுத்துவிட்டது அக்கா. ஜூனில் வரத்தான் வேண்டுமா? எப்படியும் மூடப் போகிற கடை.

தங்கை

மே 26

கண்ணு,

வரத்தான் வேண்டும். சாயத்தை விட்டும் ஏன் குறையவில்லை என்று எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரியவில்லை என்று உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் நான் வேறு முகாமில் இருப்பேன். மருத்துவமனைக்குப் பக்கம்தான் என் வீடு, அங்கேயே தங்கிக்கொள். சாவி எதிர் வீட்டு டீச்சரிடம் இருக்கிறது. பார்லரில் உன் கை படுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போ. ஷாம்பு, கண்டிஷனர், சாயம், சீப்பு, கத்தரிக்கோல், கிளிப், சோப்பு, ஒன்றையும் விடாதே. டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்ப்பார்.

கடையைப் பற்றி அந்த அம்மாவிடம் ஜூன் முடியும்வரை பேச்சுக் கொடுக்காதே.

அக்கா

ஜூன் 19

அக்கா,

உன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. ஃப்ரிட்ஜில் ஒரு எலுமிச்சம்பழம் கல்லாகக் கிடந்தது. குடியிருப்பது நீயா தூசியா என்று தெரியவில்லை. பெருக்கி வைத்திருக்கிறேன். அத்தான் இல்லாத வீட்டில் இவ்வளவு தனியாகவா இருக்கிறாய்? யாரிடமும் சொல்லவே இல்லையே.

போர்வை தேடி அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டு முழுக்கக் கையுறைப் பெட்டி. எல்லாம் நான் வாங்குகிற அதே ரகம், சின்ன சைஸ். உன் கைக்கு அது ஏறவே ஏறாது. என் கைக்கு வாங்கியது. பெட்டி மேல் கடைக்காரன் ஒட்டிய தேதியைப் பார்த்தேன். நாம் பேசாமல் இருந்த இரண்டு வருஷமும் வாங்கியிருக்கிறாய். அனுப்பத்தான் இல்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதில் ஒரு பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். பரிசோதனைக்கு இல்லை, ஊருக்குத் திரும்பும்போது மறக்காமல் இருக்க. டாக்டரம்மா பையைக் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புண்ணு மணிக்கட்டோட நிக்குதே. கையில என்ன போட்டுக்கறீங்க?" என்றார். "கிளவுஸ்தான் டாக்டர், எப்பவும் போட்டுப்பேன், எங்க அக்கா பழக்கிவிட்டது" என்றேன். பெட்டியை எடுத்துக் காட்டினேன். நீ வாங்கி வைத்த பெட்டி. அவர் ஒரு கையுறையை எடுத்துக் கத்தரியால் ஒரு துண்டு வெட்டி, ஈரமாக்கி, மற்றவற்றோடு அதையும் என் முதுகில் ஒட்டினார்.

இந்தத் தடவை இரண்டு பார்வையும் முடிந்தது. சாயக் கட்டம் சுத்தம். ஷாம்பு சுத்தம். ரப்பர் மருந்துக் கட்டம் தடித்துக் கொப்புளம் போட்டிருக்கிறது. அந்தக் கையுறைத் துண்டு இருந்த இடத்தில் அதே வடிவத்தில் சிவந்திருக்கிறது.

சாயம் இல்லை அக்கா. ஒரு நாளும் சாயம் இல்லை.

என் கை எதையெல்லாம் தொடுகிறது என்று ஒன்று விடாமல் கேட்டாய். கை மேல் என்ன போட்டிருக்கிறேன் என்று மட்டும் கேட்கவில்லை. நீ கொடுத்தது ஆயிற்றே, அது எப்படிக் கெடுதல் செய்யும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உன் மேல் பேசமுடியாத அளவுக்குக் கோபம் இருந்த நாளில்கூட உன் பேச்சைத் தட்டக் கூடாது என்று அதைத்தான் இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டேன். அரிக்கும்போது இன்னொரு ஜோடி மேலே போட்டுக்கொண்டேன்.

எனக்கு உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருக்கிறது, ஒரு அறை விட வேண்டும் போலவும் இருக்கிறது. நீ எதிரில் இல்லாததால் இரண்டும் நடக்கவில்லை.

சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன்.

தங்கை

ஜூன் 24

என் தங்கமே,

டாக்டரம்மா எனக்கு முன்பே போன் செய்து சொல்லிவிட்டார். உன் கடிதம் வரும்வரை நம்பாமல் இருக்கலாம் என்று பார்த்தேன்.

புண் மணிக்கட்டோடு நின்றது. கோடு கிழித்த மாதிரி. அன்று சாப்பாட்டுக் கூடத்தில் அதே கையைத் தூக்கிப் பிடித்தது நான்தான். கையுறை முடிகிற இடம் அது என்று, வேலைக்குச் சேர்ந்த மாதத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். யாரோ ஒருத்தியின் கையாக இருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். உன் கை என்பதால் கண் அவிந்துவிட்டது. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நானே உனக்குப் புண்ணை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதை வீட்டுக்கும் போட்டுக்கொள் என்று கடிதம் வேறு எழுதினேன். மன்னிப்புக் கேட்கிறேன். அந்தச் சொல் ரொம்பச் சின்னதாக இருக்கிறது, என்னிடம் வேறு இல்லை.

சித்திக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் கையில் இருந்தது யாருக்கும் ஒட்டாது, அது வந்ததே என்னால்தான் என்று சொன்னேன். "அப்படியா சங்கதி!" என்றார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். இந்நேரம் உன் தெருவுக்கே தெரிந்திருக்கும். என் பேர் கிழிந்திருக்கும். கிழியட்டும்.

சாயம் போடும்போது மட்டும் பிளாஸ்டிக் கையுறை போடச் சொன்னார் டாக்டரம்மா. ரப்பர் கலக்காதது என்று கேட்டு வாங்கு. மற்ற நேரம் வெறும் கையோடு இரு. நான் வாங்கி அனுப்பப் போவதில்லை. நீயே பார்த்து வாங்கிக்கொள்.

அலமாரியில் இருந்ததை எல்லாம் முகாமுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். தையல்கார அம்மா என்ன சொன்னார்?

உன் அக்கா

ஜூலை 30

அக்கா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. கை ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறிவிட்டது. இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன், நானே மடித்து ஒட்டுவேன். மே மாதக் கடிதத்தை வீட்டுக்காரர்தான் மடித்து ஒட்டினார்.

தையல்கார அம்மா மீதிப் பாதியைக் கேட்கவில்லை. முதல் பாதியைத் திருப்பித் தரவும் இல்லை. அவரும் ஆள் வைத்துவிட்டார், எப்படிக் கேட்பது? இனி எனக்கு ஒரு நாற்காலிதான். மெஷின் சத்தத்தில் வருகிறவர்களோடு கத்திப் பேச வேண்டியிருக்கிறது. சித்தி புண்ணியத்தில் நாலைந்து பேர் திரும்பி வந்தார்கள். தலைமை ஆசிரியை வரவில்லை. வேறு இடம் பழகிவிட்டாராம். போனது போனதுதான். உன்னை முழுசாக மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். சில நாள் மன்னிக்கிறேன், சில நாள் அந்த மெஷின் ஓடுகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது.

போன திங்கட்கிழமை பேங்கில் வேலை பார்க்கிற அம்மா ஒருவர் தலை கழுவ வந்தார். வெறும் கையோடு அவர் தலையில் தண்ணீர் ஊற்றினேன். கடை திறந்ததிலிருந்து அன்றுவரை ஒரு தலையைக்கூட நான் வெறும் கையால் கழுவியதில்லை, தெரியுமா? ரப்பருக்குள் இருந்தே எல்லோரையும் தொட்டிருக்கிறேன். தண்ணீர் எவ்வளவு சூடு என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று விரலுக்கு நடுவில் முடி வழுக்கிக்கொண்டு போனது. காதுக்குப் பின்னால் மெத்தென்று இருந்தது, உச்சியில் சூடு தெரிந்தது. என்னால் அதற்கு மேல் கையை நகர்த்த முடியவில்லை.

"என்னம்மா, நிறுத்திட்டே?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா, தண்ணி சரியா இருக்கான்னு பார்த்தேன்" என்றேன்.

அந்தம்மா போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த ஊரில் எத்தனை பேர் தலையைத் தொட்டிருப்பேன். உன் தலையைத் தொட்டதே இல்லை. உன் கல்யாணத்துக்குக்கூட வேறு ஆள்தான் அலங்காரம் செய்தாள், நான் அப்போது தொழில் பழகிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முகாமுக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் வா. நாற்காலி ஒன்றுதான், வரிசையில் உட்கார வேண்டியிருக்கும். அக்கா என்று முன்னால் விடமாட்டேன்.

வருகிற அன்று தலைக்குக் குளித்துவிட்டு வராதே. நான் குளிப்பாட்டுகிறேன்.

உன் தங்கை